பழைய டர்போ கிட்டில் எதை வைத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது

கேள்வி: என்னிடம் 1990-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1.6 லிட்டர் இன்ஜின், எதையும் மாற்றியதில்லை. இதே மாதிரிக் காரிலிருந்து கழற்றிய பழைய டர்போ கிட் ஒன்றை வாங்கியிருக்கிறேன். டி25 வகை டர்போ, எக்ஸாஸ்ட்டை டர்போவுக்குக் கொண்டுபோகும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் சின்ன இன்டர்கூலர், குழாய்கள், பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. எப்படி மாட்டுவது என்ற கையேடு இல்லை. "ஓடிக்கொண்டிருந்த காரில் கழற்றியது, அப்படியே மாட்டலாம்" என்றார் விற்றவர். டர்போவின் ஷாஃப்டைப் பிடித்து அசைத்தால் லேசாக ஆடுகிறது. இதை அப்படியே மாட்டலாமா? எவ்வளவு பூஸ்ட் (டர்போ காற்றை அமுக்கும் அழுத்தம்) வைக்கலாம்? ஆயில் திரும்பி வரும் குழாய்க்கு, ஆயில் பானை (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியை) கழற்றாமலே துளை போட்டுவிடலாம் என்கிறார்களே, சரிதானா? அந்த ரெகுலேட்டருக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

பதில்: அப்படியே மாட்டாதீர்கள். அதற்காக ஏமாந்துவிட்டோம் என்று வருந்தவும் வேண்டாம். உங்கள் பெட்டியில் இருக்கும் இரும்புச் சாமான்கள் நல்ல நிலையில் இருந்தால் இன்றைக்கும் பயன்படும். பயன்படாதது அந்த ரெகுலேட்டர் மட்டும்தான். சின்னதாக ஒரு ஓரத்தில் கிடக்கும் அந்தச் சாமான்தான் இப்படிப்பட்ட கிட்டுகளில் இன்ஜினைக் காலி செய்வது. பழைய கிட் மாட்டி உடைந்துபோய் என்னிடம் வந்த இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் டர்போவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சுவர் உடைந்திருக்கும். பெட்ரோல் போதாமல், அல்லது தீப்பொறி சீக்கிரமாக விழுந்து, இன்ஜின் நாக்கிங் அடித்ததன், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டியதன், அடையாளம் அது.

இந்த ரெகுலேட்டர் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் அதை ஏன் ஒதுக்கச் சொல்கிறேன் என்பதும் புரியும். எம்எக்ஸ்-5 முதன்முதலில் 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் காட்டப்பட்டது. கார் விற்பனைக்கு வந்து கொஞ்ச காலத்திலேயே டர்போ கிட் செய்பவர்கள் கிளம்பிவிட்டார்கள். அப்போது வீட்டில் உட்கார்ந்து நிரல் மாற்றக்கூடிய இன்ஜின் கம்ப்யூட்டர் சாதாரண ஆளின் கைக்கு எட்டாது. மெகாஸ்க்வர்ட் மாதிரி மலிவான இசியு (இன்ஜின் கம்ப்யூட்டரைத்தான் இப்படிச் சொல்வார்கள்) வந்ததே 2001 வாக்கில்தான். அதனால் கம்பெனி கம்ப்யூட்டரைத் தொடாமல், பெட்ரோலைப் பீய்ச்சும் கம்பெனி இன்ஜெக்டரை மாற்றாமல், பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தை மட்டும் பல மடங்கு ஏற்றி, அதே இன்ஜெக்டர் வழியாக அதிக பெட்ரோலைத் தள்ளினார்கள். அந்தக் காலத்துக்கு அது கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் அது புது பம்ப், புது ஹோஸ், புது இன்ஜெக்டரோடு வேலை செய்த வழி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் 1.6 இன்ஜின் கம்பெனி நிலையில் சுமார் 116 குதிரைத்திறன். டர்போவோடு 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 6 மில்லிக்குச் சற்று மேல் பெட்ரோல் வேண்டும். 150-க்கு மொத்தம் ஏறக்குறைய 950 மில்லி. நான்கு இன்ஜெக்டருக்குப் பங்கிட்டால் ஒன்றுக்குச் சுமார் 240. இன்ஜெக்டரை ஓயாமல் திறந்தே வைத்திருக்கக் கூடாது, 80 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. அப்படிப் பார்த்தால் 300 மில்லி திறனுள்ள இன்ஜெக்டர் தேவை. உங்கள் காரில் இருப்பது 210 மில்லிக்குப் பக்கத்தில். இங்கேதான் அழுத்தத்தின் கணக்கு நம்மைப் படுத்தும். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் பெட்ரோல் இரண்டு மடங்காகாது, அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான், அதாவது 1.4 மடங்குதான் கூடும். 210-ஐ 300 ஆக்க வேண்டுமென்றால் 3 பார் அழுத்தத்தை (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) 6 பாருக்கு ஏற்ற வேண்டும்.

6 பார் என்பது விளையாட்டில்லை. அழுத்தம் ஏற ஏறப் பம்ப் தரும் பெட்ரோலின் அளவு குறையும். டேங்கில் இருக்கும் பழைய பம்ப் அந்த அழுத்தத்தில் எவ்வளவு தரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதற்குள் இருக்கும் பாதுகாப்பு வால்வே திறந்து பெட்ரோலை டேங்குக்குத் திருப்பிவிடலாம். முப்பது வருஷம் வெயிலையும் சூட்டையும் தின்ற ரப்பர் ஹோஸ்கள் வேறு. கூடவே ரெகுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு. இத்தனை காலம் பெட்டியில் காய்ந்து கிடந்த அந்தச் சவ்வு ஒரு நாள் முழு பூஸ்டில் கிழிந்தால், பெட்ரோல் குறையும் அதே நொடியில் டர்போ காற்றை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கும். உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வராது.

தீப்பொறி விஷயம் இதைவிடக் கொஞ்சம் நுட்பமானது, ஆனால் அதே அளவு முக்கியம். உங்கள் காரில் காற்றை அளப்பது, காற்றோட்டம் தள்ளத் தள்ளத் திறக்கும் ஒரு கதவு. அது முழுக்கத் திறந்த பிறகு அதற்கு மேல் எவ்வளவு காற்று போனாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. டர்போ இல்லாத இன்ஜினுக்கு எழுதிய அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் நின்று, அங்கே இருக்கும் டைமிங்கையே, அதாவது தீப்பொறி விழும் நேரத்தையே, கொடுத்துக்கொண்டிருக்கும். பூஸ்டில் அந்த டைமிங் மிகவும் முன்கூட்டியது. இன்னொன்றையும் பாருங்கள். இதே பி6 குடும்பத்து இன்ஜினை மாஸ்டா 323 காரில் டர்போவோடு விற்றபோது கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் விகிதத்தை) 7.9-க்கு 1 என்று இறக்கித்தான் விற்றார்கள். உங்களுடையது 9.4-க்கு 1. தவறு செய்தால் பொறுத்துக்கொள்ளும் இடம் உங்கள் இன்ஜினில் அவ்வளவு குறைவு.

ஆகவே என் முதல் ஆலோசனை: ரெகுலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டு, நிரல் மாற்றக்கூடிய ஒரு இசியு, 400 மில்லி அளவில் நான்கு புது இன்ஜெக்டர், புது பெட்ரோல் பம்ப், காற்று-பெட்ரோல் விகிதத்தை எண்ணாகக் காட்டும் வைட்பேண்டு ஆக்சிஜன் சென்சார் ஒன்று, இவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். இன்ஜெக்டர் வாங்கும்போது அதிக மின்தடை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், வயரிங்கில் வேலை குறையும். காற்றை அளக்க அந்தக் கதவு மீட்டர் இனி வேண்டாம். இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சாரே இசியு-வுக்குப் போதும். இதற்கெல்லாம் கிட் வாங்கியதைவிட அதிகமாகவே செலவாகக்கூடும். இப்போது முடியாவிட்டால் கிட்டைப் பத்திரமாக வைத்துவிட்டு, முடியும்போது மாட்டுங்கள். பாதியை இப்போது மாட்டி மீதியை அப்புறம் பார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். அப்படி ஆரம்பித்தவர்கள் பலர் கடைசியில் இன்ஜினையும் சேர்த்து வாங்க வேண்டியதாகிவிட்டது.

வைட்பேண்டு சென்சார் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜன் சென்சார், காற்று-பெட்ரோல் விகிதம் 14.7-க்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லும். பூஸ்டில் நமக்கு வேண்டியது 11.5-இலிருந்து 12-க்குள். 11.8-இல் ஓடுகிறதா 13.2-இல் ஓடுகிறதா என்பது இன்ஜின் பிழைக்கிறதா போகிறதா என்பதற்கு நடுவே இருக்கும் வித்தியாசம். பழைய சென்சாருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, இப்போது இன்ஜின் பக்கம் வருவோம். ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால், இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி வைத்துக் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யுங்கள். சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லீக்டவுன் டெஸ்ட்டும் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தத்தோடு விட்டுப் பார்ப்பது) செய்து, காற்று எங்கே கசிகிறது என்று கேளுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சத்தம் கேட்டால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இதில் எது இருந்தாலும் டர்போ வேலை அங்கேயே நிற்கட்டும்.

1990 மாடல் என்பதால் உங்கள் காரில் கட்டாயம் பார்க்க வேண்டியது கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) மூக்கு. ஆரம்ப காலத்து 1.6 இன்ஜின்களில், 1991-இன் நடுவில் மாற்றும் வரை, கிராங்கின் முன்பகுதி குட்டையாக இருந்தது. அங்கே சக்கரத்தை நழுவாமல் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டும் (இதைச் சாவி என்பார்கள்) அது உட்காரும் பள்ளமும் தேய்ந்து டைமிங் பல்சக்கரம் ஆட ஆரம்பிக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு: கிராங்க் புல்லியின் நடுப்பகுதியில் நான்கு பிளவு தெரிந்தால் குட்டை மூக்கு, எட்டு தெரிந்தால் நீளமானது. நான்கு என்று தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம், நல்ல நிலையில் ஓடுகிற குட்டை மூக்கு இன்ஜின்கள் நிறைய உண்டு. ஆனால் இன்ஜின் ஓடும்போது புல்லி தள்ளாடுகிறதா என்று உற்றுப் பாருங்கள். பிறகு டயக்னோஸ்டிக் பெட்டியில் டென், கிரவுண்ட் என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்துவிட்டு டைமிங் லைட் பிடியுங்கள். ஐடிலில் டாப் டெட் சென்டருக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு) முன் 10 டிகிரியில் குறி அசையாமல் நிற்க வேண்டும். குறி அலைந்தாலும், சரிசெய்து வைத்தது சில வாரங்களில் தானாகத் தள்ளிப்போனாலும், அந்தக் கிராங்கை நம்பி டர்போ போடக் கூடாது.

ரேடியேட்டரையும் பாருங்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி புதிதில் கறுப்பு. பழுப்பாக மாறியிருந்தால் அது வெடிக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது, மாற்றிவிடுங்கள். இந்த இன்ஜின் முதலில் குறுக்காக மாட்டும் கார்களுக்காகச் செய்தது. எம்எக்ஸ்-5-இல் நெடுக்காகத் திருப்பி வைத்தபோது தண்ணீர் வெளியேறும் வழியை முன்பக்கம் கொண்டுவந்தார்கள். அதனால் பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குத் தண்ணீர் ஓட்டம் குறைவு. சாதாரணமாக ஓட்டும்போது இது தெரியாது. நீண்ட நேரம் பூஸ்டில் ஓட்டப்போகிறீர்கள் என்றால், தண்ணீர் பின்பக்கமாக வெளியேறும்படி மாற்றியமைக்கும் வேலையைப் பின்னாளில் செய்துகொள்ளலாம். மிதமாக ஓட்டுவதற்கு நல்ல ரேடியேட்டரே போதும்.

இனி டர்போ. ஷாஃப்ட் ஆடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் திசையில் ஆடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த வகை டர்போவில் ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். ஆயில் இல்லாமல் கையில் பிடித்துப் பார்க்கும்போது பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. சக்கரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துச் சுற்றுங்கள். உறையில் உரசக் கூடாது, இறக்கையின் விளிம்பில் உரசிய பளபளப்பு இருக்கக் கூடாது. முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளும்போதோ விரலுக்கு எந்த அசைவும் தெரியக் கூடாது. டயல் கேஜ் வைத்து அளந்து 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது, ஓவர்ஹால் செய்யாமல் மாட்டக் கூடாது. ஓவர்ஹால் கிட் வாங்கி வீட்டிலேயே பேரிங்கை மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பேரிங்கை மாற்றலாம், ஆனால் அந்த வேகத்தில் சுழலும் சக்கரத்தைச் சமநிலை பார்க்க வீட்டில் வழியில்லை. டர்போ வேலையையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

எக்ஸாஸ்ட் பக்கத்து உறையைக் கழற்றி உள்ளேயும் பாருங்கள். பூஸ்ட் மீறாமல் எக்ஸாஸ்ட்டை டர்போ சக்கரத்தைத் தவிர்த்துத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் மூடி உட்காரும் இடத்தில் மெல்லிய விரிசல் இருக்கும். பழைய டர்போவில் இது சகஜம், மூடி நன்றாக மூடினால் போதும். ஆயில் போகும் துளைக்குள் கறுப்பாகக் கெட்டிப்பட்ட கரி இருந்தால், முந்தைய ஆள் வேகமாக ஓட்டிவிட்டு வந்ததும் சாவியைத் திருப்பி அணைத்தவர் என்று அர்த்தம். அந்தக் கரியைச் சுத்தம் செய்யாமல் விட்டால் ஒரு துண்டு உடைந்து ஆயில் வழியை அடைத்துவிடும். டர்போவில் கூலன்ட் குழாய்க்கான துளைகள் இருந்தால் அவற்றை அடைத்துவிடாமல் கட்டாயம் இணையுங்கள். இன்ஜினை அணைத்த பிறகும் சூட்டால் தண்ணீர் தானாகவே மெல்லச் சுழன்று பேரிங்கைக் குளிர்விக்கும்.

ஆயில் பானைப் பற்றிய கேள்விக்கு என் பதில்: கழற்றிவிட்டே துளை போடுங்கள். இந்தக் காரில் பானை இறக்குவது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும், இன்ஜினைத் தூக்கியோ கீழே இருக்கும் கிராஸ்மெம்பரை இறக்கியோதான் செய்ய முடியும். ட்ரில் பிட்டில் கிரீஸ் தடவி, மெதுவாக ஓட்டி, கடைசியில் பழைய ஆயிலை ஊற்றி அலசிக் கழற்றாமலே செய்தவர்கள் இருக்கிறார்கள். நானும் ஆரம்ப காலத்தில் ஒரு காரில் அப்படிச் செய்தேன். வெளியே வந்த துகள்களை எண்ணிக்கூடப் பார்த்தேன், எல்லாம் வந்துவிட்டது என்று நம்பினேன். அடுத்த ஆயில் மாற்றத்தில் வடிகட்டியை வெட்டிப் பார்த்தபோது இன்னும் மூன்று மினுமினுப்பு இருந்தது. அந்த இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தச் சில வாரங்கள் நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. பான் கையில் இருந்தால் துளை போட்டு, பொருத்தியை வெல்டு செய்து, கழுவித் துடைத்து மாட்டலாம். கூடவே கீழிருந்து பேரிங்குகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். முப்பது வயது இன்ஜினுக்கு அது பெரிய நன்மை.

துளை எங்கே வர வேண்டும் என்பது அதைவிட முக்கியம். டர்போவிலிருந்து ஆயில் நுரையாக வெளியேறும். அதைத் தள்ள அழுத்தம் எதுவும் கிடையாது, தானாக இறங்கினால்தான் உண்டு. ஆகவே குழாய் அகலமாக, உள்ளளவு 16 மில்லிமீட்டர் அளவில், வளைவும் தொய்வும் இல்லாமல் நேராகக் கீழே இறங்கி, பானில் ஆயில் நிற்கும் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். எங்காவது ஓரிடத்தில் குழாய் கீழே போய் மேலே ஏறினாலும் ஆயில் அங்கே தேங்கி, டர்போவின் சீல் வழியாக எக்ஸாஸ்ட்டுக்குள் கசிந்து நீலப்புகை வரும். அதைப் பார்த்து டர்போ போய்விட்டது என்று புது டர்போ வாங்கி மாட்டியும் புகை நிற்காமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதே புகைக்கு இன்னொரு காரணம், இன்ஜின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு. அந்தச் சின்ன வால்வு பழசாகி ஒழுக ஆரம்பித்தால் பூஸ்ட் நேராக இன்ஜின் அடிப்பகுதிக்குள் போய், டர்போவிலிருந்து இறங்க வேண்டிய ஆயிலை எதிர்த்துத் தள்ளும். புது பிசிவி வால்வு ஒன்று போடுங்கள். வாயால் ஊதிப் பார்த்து, ஒரு பக்கம் மட்டுமே காற்று போவதை உறுதி செய்த பிறகு போடுங்கள்.

ஆயில் டர்போவுக்குப் போகும் பக்கத்தில் ஏமாற வைக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆயில் பிரஷர் சென்சார் இருக்கும் இடத்திலிருந்துதான் பெரும்பாலும் டர்போவுக்கு ஆயில் எடுப்பார்கள். அங்கே இருக்கும் மரை பிஎஸ்பிடி வகை, அங்குலத்துக்கு 28 சுற்று. கிட்டுகளில் வரும் பொருத்திகள் பல என்பிடி வகை, அங்குலத்துக்கு 27. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், இரண்டு மூன்று சுற்று சுகமாக உள்ளே போகும், அப்புறம் இறுகும். இறுகிய பிறகும் பலத்தைக் கொடுத்து முறுக்கினால் பிளாக்கில் இருக்கும் மரையே போய்விடும். பழைய பொருத்தியை நம்பாமல், சரியான மரையுள்ள மாற்றுப் பொருத்தி ஒன்றை வாங்குங்கள். ஆயில் ஹோஸையும் புதிதாக, எஃகு வலை போர்த்தியதாகப் போடுங்கள். பழைய ஹோஸ் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சரி, சூடான எக்ஸாஸ்ட்டின் பக்கத்தில் ஆயில் சீறினால் தீப்பிடிக்கும்.

மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு என்பது நல்ல செய்தி. கனமாக இருந்தாலும் மெல்லிய குழாய்களை வெல்டு செய்து செய்ததைவிட நீண்ட நாள் தாங்கும். துருவை மணல் வீசித் தேய்த்துவிட்டு, குழாய்கள் ஒன்று சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சாயம் ஊடுருவிக் காட்டும் ஸ்ப்ரே கிடைக்கும், அது நம்பகமானது. ஹெட்டோடு சேரும் முகம் நேராக இருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் இழைத்து வாங்குங்கள். டர்போவை மேனிஃபோல்டோடு பிடிக்கும் ஸ்டட்டுகள்தான் இந்தக் கார்களில் தீராத தொல்லை. எக்ஸாஸ்ட் சூட்டில் சாதாரண ஸ்டட் மெல்ல நீளும், நட்டு தளரும், கேஸ்கெட் ஊதும், கடைசியில் ஸ்டட் முறியும். நிக்கல் கலவையான இன்கோனெல் ஸ்டட் வாங்கி, பூட்டு வாஷரோடு போடுங்கள். விலை அதிகம்தான். முறிந்த ஸ்டட்டைத் துளைத்து எடுக்கும் வேலையை ஒரு முறை செய்தவர்கள் அந்த விலையைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

பூஸ்ட் எவ்வளவு? ஆரம்பத்தில் 0.4 பார், அதாவது 6 பிஎஸ்ஐ-க்கு ஒட்டி. வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் எவ்வளவில் திறக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கேஜ் வைத்த கைப்பம்பால் அதற்குள் காற்றடித்தால் கம்பி அசைய ஆரம்பிக்கும் அழுத்தம் தெரியும், சவ்வு ஒழுகுகிறதா என்பதும் தெரிந்துவிடும். அதற்குப் போகும் சின்ன ஹோஸைப் புதிதாகப் போட்டு இரண்டு முனையிலும் கிளாம்ப் மாட்டுங்கள். அந்த ஹோஸ் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். இசியு-வில் 0.6 பாருக்கு மேல் போனால் பெட்ரோலை வெட்டும்படி வைத்துவிடுங்கள்.

0.4 பாருக்கு இன்டர்கூலர் தேவையே இல்லை என்று சிலர் சொல்வார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 27 டிகிரி காற்றை 65 சதவீதத் திறனுள்ள டர்போ 0.4 பாருக்கு அமுக்கினால் காற்று ஏறக்குறைய 73 டிகிரியாக வெளியே வரும். அந்தச் சூட்டில், 40 சதவீதம் கூட வேண்டிய காற்று உண்மையில் 21 சதவீதம்தான் கூடும். இன்டர்கூலர் அதை 40 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்கினால் கூடுதல் 34 சதவீதம். சக்தி மட்டுமல்ல, நாக்கிங் வராமல் தடுக்கும் பாதி வேலையை அந்தக் குளிர்ச்சியே செய்துவிடும். உங்கள் பெட்டியில் இருக்கும் சின்ன இன்டர்கூலரே போதும். உள்ளே பழைய ஆயில் தேங்கியிருக்கும், கரைப்பான் ஊற்றிப் பலமுறை அலசுங்கள். சிலிகான் ஹோஸ்கள் ஆயிலில் ஊறி மெத்தென்று ஆகியிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாட்டி முடித்ததும் டர்போவின் வாயை அடைத்து 0.4 பார் காற்றை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவைத் தேடுங்கள்.

டைமிங்குக்கு ஒரு தொடக்கப் புள்ளி: பூஸ்ட் ஒவ்வொரு பிஎஸ்ஐ ஏறும்போதும் ஒரு டிகிரி பின்னால் இழுங்கள். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக, இடைவெளி 0.8 மில்லிமீட்டராக இருக்கட்டும். கிடைப்பதில் உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலையே ஊற்றுங்கள். இதற்கு மேல் பூஸ்ட் ஏற்றுவது பற்றி ஒரு வருஷம் கழித்து யோசிக்கலாம். அப்போது உங்களைத் தடுக்கப்போவது இன்ஜின் மட்டுமில்லை. கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும், அதற்கப்புறம், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் 1.6 கார்களின் சின்ன டிஃபரன்ஷியல் தாங்காது. 1994 மாடலிலிருந்து 1.8 இன்ஜினோடு வந்த பெரிய டிஃபரன்ஷியல் இதைவிட நன்றாகத் தாங்கும். இன்சூரன்ஸ்காரருக்கும், உங்கள் ஊர் வாகன விதி எப்படியோ அதற்கேற்ப உரிய அலுவலகத்துக்கும், வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு அவசரப்படாதீர்கள். டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஹெட்டின் பின்னால் இருக்கும் கேம் சென்சார் பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலும் வராது, தீப்பொறியும் வராது. அந்த நிலையில், டர்போவின் ஆயில் வெளியேறும் குழாயைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் விட்டு, ஆயில் வந்து விழும் வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரை அடியுங்கள். உங்கள் மாடலில் இருக்கும் ஆயில் பிரஷர் முள் உண்மையான அளவையே காட்டுவது, அதுவும் ஏற வேண்டும். அதன் பிறகு எல்லாவற்றையும் இணைத்து ஸ்டார்ட் செய்து, ஐடிலில் மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டு, கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். ஆறியதும் எல்லா ஸ்டட்டையும் மறுபடி இறுக்குங்கள். முதல் சில நாட்கள் பூஸ்ட் வராத அளவுக்கு மெதுவாக ஓட்டி, இசியு பதிவுகளையும் வைட்பேண்டு காட்டும் எண்ணையும் பாருங்கள். அந்த ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, வடிகட்டியை வெட்டிப் பாருங்கள். பூஸ்டுக்குப் போகும் முதல் நாள், டியூனிங் தெரிந்த ஒருவர் பக்கத்து இருக்கையில் லேப்டாப்போடு இருக்கட்டும். விகிதம் 12.5-ஐத் தாண்டினால் உடனே காலை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ரெகுலேட்டருக்கு மதிப்பு உண்டா என்று கேட்டீர்கள். வாங்க ஆள் கிடைப்பார்கள். ஆனால் வாங்குபவர் அதை மாட்டப்போவது உங்கள் காரைப் போன்ற இன்னொரு பழைய காரில்தான். சவ்வு நல்ல நிலையில் இருக்கிறது என்று உங்களால் உறுதி தர முடியாத சாமானை இன்னொருவர் இன்ஜினுக்குக் கொடுக்காதீர்கள். காரின் கம்பெனி ரெகுலேட்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், புது இன்ஜெக்டர்களுக்கு 3 பார் கொடுக்க அதுவே போதும்.